8 அங்குல ஃபுல்ரேஞ்ச், பின்பக்க ஹார்ன் பெட்டி: குரல் குடத்துக்குள்ள இருந்து வருது, 118 ஹெர்ட்ஸில் பள்ளம்

எட்டங்குலம்:

வணக்கம். ஃபோஸ்டெக்ஸ் எஃப்இ206இஎன் (8 அங்குல ஸ்பீக்கர் டிரைவர்) ஜோடிக்குப் பின்பக்க ஹார்ன் பெட்டி அடிச்சு முடிச்சாச்சு, அதாவது டிரைவரோட முதுகுச் சத்தம் மடிஞ்சு மடிஞ்சு விரியுற பாதை வழியா முன்னால வர்ற பெட்டி. சத்தம் வருது, சரியா வரல. அளவெல்லாம் கீழே தர்றேன், எங்க தப்புன்னு பார்த்துச் சொல்லுங்க.

18 மி.மீ. 710 கிரேடு ப்ளைவுட், 8×4 ஷீட் மூணு. பெட்டி 110 செ.மீ. உயரம், 58 ஆழம். உள் அகலம் எல்லா இடத்திலும் 32. டிரைவருக்குப் பின்னால உள்ள பின்னறை 3.5 லிட்டர். ஹார்ன் ஆரம்பிக்கிற தொண்டை 32 × 5, அதாவது 160 சதுர செ.மீ. நடுக்கோட்டில் பாதை நீளம் 2.9 மீட்டர். வாய் 32 × 45, கீழே முன்பக்கம் திறக்குது. ஆம்ப் எல்எம்1875 சிப். ரூம் 11 × 13 அடி. பெட்டி ரெண்டும் பின்சுவரிலிருந்து 3 அடி தள்ளி நிக்குது.

மைக் வச்சு ஆர்இடபிள்யூங்கிற அளவு மென்பொருளில் அளந்ததில் 118 ஹெர்ட்ஸ் பக்கம் 9 டிபி பள்ளம், 240 பக்கம் சின்னதா இன்னொண்ணு. 80க்குக் கீழ ஒண்ணுமே இல்ல. ஆண் குரல் குடத்துக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரி. 3 கிலோஹெர்ட்ஸ் சுற்றி வயலின், நாதஸ்வரம் காதைக் குத்துது. ஈக்வலைசர்ல 118ஐ 6 டிபி தூக்கியும் அசையல. ஹார்னுக்குள்ள பஞ்சு அடைச்சா சரியாகுமா?

மரத்தூள்:

பாலியெஸ்டர் பஞ்சு ஒரு கிலோ வாங்கி முதல் ரெண்டு மடிப்பு வரைக்கும் அடைங்க ப்ரோ, குடம் போயிடும். அப்புறம் 200 மணி நேரம் ஓட விடுங்க, குத்தலும் பாதி அடங்கும்.

கூம்புக்கணக்கு:

பஞ்சு அடைத்தால் குடம் போகும்தான், கூடவே ஹார்னும் போய்விடும். மிஞ்சுவது 170 லிட்டர் அளவுக்கு இடத்தை அடைக்கும், பாஸ் இல்லாத ஒரு பெட்டி. அதற்கு மூன்று ஷீட் வேண்டியதே இல்லை. ஓட விடுவதால் சஸ்பென்ஷன் கொஞ்சம் தளரும், ஒத்ததிர்வு சில ஹெர்ட்ஸ் இறங்கும். 118 பள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பள்ளத்தை முதலில் பார்ப்போம். டிரைவரின் முதுகிலிருந்து கிளம்பும் அலை, முகத்து அலைக்கு நேர் எதிர். பாதை அரை அலைநீளமாக இருக்கும் இடத்தில் அது திரும்பி வந்து ஒத்துப்போகும். முழு அலைநீளமாக இருந்தால் எதிராகவே வெளியே வந்து முகத்து அலையைத் தின்றுவிடும். 344 ÷ 2.9 = 118.6. உங்கள் மைக் பொய் சொல்லவில்லை. அடுத்த பள்ளம் இதைப்போல் இரு மடங்கு, 237. ஏறுகிற இடங்கள் 59, 178. ஈக்வலைசரில் 118ஐத் தூக்கினால் முகத்து அலை, முதுகு அலை இரண்டும் சேர்ந்தே ஏறும், கழித்தால் வருவது பழையபடி அதே பள்ளம். ஆம்ப் சூடாவதுதான் மிச்சம்.

118ஐ முழுதாக ஒழிக்க முடியாது, ஆழத்தைக் குறைக்கலாம். 237ஐயும் அதற்கு மேலே உள்ளவற்றையும் ஒழிக்கலாம். அந்த உயரத்தில் ஹார்ன் வாய் திறக்கவே கூடாது, அவ்வளவுதான். அந்த வேலை பின்னறையுடையது. பின்னறையும் தொண்டையும் சேர்ந்து ஒரு லோ-பாஸ் ஃபில்டர். வெட்டும் இடம் = 344 × தொண்டைப் பரப்பு ÷ (6.28 × பின்னறைக் கன அளவு), எல்லாம் மீட்டரில். உங்கள் அளவுக்கு 344 × 0.016 ÷ (6.28 × 0.0035), சுமார் 250 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் அடிப்பகுதி முழுக்க ஹார்ன் வழியாக 8 மில்லி வினாடி தாமதித்து இன்னொரு முறை வருகிறது. குடம் என்று நீங்கள் சொல்வது அதைத்தான். அந்த 3.5 லிட்டரில் மேக்னட்டைக் கழித்தீர்களா? 15 செ.மீ. விட்டம், 4 செ.மீ. கனம் என்றாலே 0.7 லிட்டர் போய்விடும். கழிக்கவில்லை என்றால் வெட்டும் இடம் 300க்கு மேல்.

160 ஹெர்ட்ஸில் வெட்ட 5.5 லிட்டர் பின்னறை வேண்டும். ஒட்டி முடித்த பெட்டியில் அதற்கு வழியில்லை. ஆனால் தொண்டையைக் குறுக்கலாம். 12 மி.மீ. ப்ளை ஒரு துண்டு, 32 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம். ஒரு முனையில் முழுக் கனம், மறுமுனையில் சீவிச் சீவி ஒன்றுமில்லாமல். கனத்த முனை தொண்டைப் பக்கம் இருக்கும்படி ஒட்டினால் தொண்டை 32 × 3.8 ஆகிறது, 121.6 சதுர செ.மீ. வெட்டும் இடம் 190க்கு இறங்கும். இந்த டிரைவரின் கூம்புப் பரப்பு 205 சதுர செ.மீ. அளவில், ஆக நெருக்கம் 1.7க்கு 1. அதற்கு மேல் நெருக்க வேண்டாம். சீவாமல் பலகையை அப்படியே வைத்தால் முனையில் படிக்கட்டு மாதிரி நிற்கும், விரிவு அங்கே திடீரென்று குதிக்கும்.

பஞ்சு வைக்க இடம் ஒன்றே ஒன்று. பின்னறைக்குள், டிரைவருக்கு நேர் பின்னால் உள்ள பலகையில் 10 மி.மீ. கம்பளி ஃபெல்ட். அங்கே மோதித் திரும்பும் மிட்ரேஞ்ச் மெல்லிய காகிதக் கூம்பைத் தாண்டி நேரே காதுக்கு வரும். மற்ற சுவர்களைத் தொட வேண்டாம்.

இனி பாஸ். உங்கள் ஹார்ன் 160இலிருந்து 1440க்கு 2.9 மீட்டரில் ஒன்பது மடங்கு விரிகிறது. எக்ஸ்பொனென்ஷியல் கணக்கில் இதன் கீழ் வெட்டு 21 ஹெர்ட்ஸ். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். விரிவு 21 வரை போனாலும் வாய் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. திறந்தவெளியில் வாயின் சுற்றளவு ஓர் அலைநீளம் இருந்தால்தான் ஹார்ன் காற்றைப் பிடிக்கும். கோயில் மைக்செட் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டடி விட்டம் என்றால் சுற்றளவு 1.92 மீட்டர், அதாவது 180 ஹெர்ட்ஸ். தவில் சத்தம் அதில் தகரமாகக் கேட்பதற்கு உள்ளே உள்ள டிரைவர் யூனிட் பாதிக் காரணம், இது மீதிக் காரணம். தரை கண்ணாடி மாதிரி வாயின் பரப்பை இரட்டிக்கும்; அதே பரப்புள்ள வட்டமாக எடுத்தால் உங்கள் வாய்க்கும் இப்போதைக்குக் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான்: 181 ஹெர்ட்ஸ். தரையும் ஒரு சுவரும் சேர்ந்தால் 128. மூலையில் வைத்தால் 90. ஒரு பலகை கூட்டாமல் வாயைப் பெரிதாக்க இதுதான் வழி. இங்கிலாந்தில் பால் வோய்ட் என்ற பொறியாளர் 1934இல் வீட்டு ஹார்ன் செய்தபோது அதை மூலைக்கென்றே செய்தார்.

ஒன்று மட்டும். வாய் மூலையை ஒட்டி இருந்தால்தான் 90 என்ற கணக்கு முழுதாகப் பொருந்தும். உங்களுக்கு வாய் முன்பக்கம், பின்சுவர் 58 செ.மீ. பின்னால். ஆகவே கொஞ்சம் குறையும். பெட்டிக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே சந்து விடாதீர்கள். விட்டால் அங்கே ஒரு பலகையைச் செருகி அடைத்துவிடுங்கள்.

எட்டங்குலம்:

நன்றி சார். மேக்னட்டைக் கழிக்கல, அப்ப நிஜ பின்னறை 2.8 லிட்டர்தான். ஒரு மூலையில பீரோ இருக்கு, நகர்த்தணும். வளைவுகள்ல 45 டிகிரி பலகை வைக்கலாமான்னும் சொல்லுங்க. 3 கிலோஹெர்ட்ஸ் குத்தலுக்கு என்ன செய்றது?

கூம்புக்கணக்கு:

2.8 லிட்டர் என்றால் துண்டு வைத்த பிறகும் 240இல்தான் வெட்டும். ஆகவே இன்னொன்றும் செய்யுங்கள்: டிரைவருக்கு 18 மி.மீ. ப்ளையில் ஒரு வளையம் வெட்டி, முன்பலகைக்கு வெளியே வைத்து, அதன்மேல் டிரைவரை மாட்டுங்கள். மேக்னட் அந்த அளவுக்கு வெளியே வரும். ஓட்டை விட்டம் 18 செ.மீ. என்று வைத்தால் கூடுவது 0.45 லிட்டர். இரட்டை வளையம் என்றால் 0.9, மொத்தம் 3.7. இப்போது வெட்டும் இடம் 180. வளையத்தின் உள் விளிம்பை 45 டிகிரி சாய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கூம்பின் முதுகு மூச்சுத் திணறும்.

வளைவில் பலகை வேண்டாம். 200 ஹெர்ட்ஸின் அலைநீளம் 1.7 மீட்டர். 15 செ.மீ. சந்தில் திரும்புவது அதற்குத் தெரியவே தெரியாது. பலகை வைத்தால் அந்த இடத்தில் பரப்புதான் குறையும்.

சாலிடர்புகை:

குத்தலை மட்டும் நான் சொல்றேன். ரெண்டு படி இருக்கு, வரிசை மாத்தக்கூடாது.

முதல் படி ஆம்ப். இந்த டிரைவரோட கியூடிஎஸ் (கூம்பு ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குதுங்கிற எண், குறைஞ்சா பிரேக் அதிகம்) 0.2ஐ ஒட்டித்தான் இருக்கு, மேக்னட் அவ்வளவு பலம். எல்எம்1875 மாதிரி அவுட்புட் இம்பீடன்ஸ் (ஏசி தடை) ஏறக்குறைய இல்லாத ஆம்ப்ல மாட்டினா பிரேக்கை அழுத்திட்டே வண்டி ஓட்டுற கதை. ஸ்பீக்கருக்கு சீரிஸ்ல 3 ஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒண்ணு போடுங்க. வாய்ஸ் காயில் 7 ஓம் என்றால் கியூ 0.28க்கு வரும், பாஸ் நிமிரும். சத்தம் 3 டிபி குறையும். 96 டிபி டிரைவர், தாங்கும். வால்வு சிங்கிள்-எண்டட் ஆம்ப் இதோட நல்லா இருக்குன்னு பேசுறதுல பாதி அதோட அவுட்புட்ல இருக்குற இந்த ரெண்டு மூணு ஓம்தான்.

இந்த ரெசிஸ்டர் போட்டா மேல் பக்கமும் ஒரு டிபி தூக்கும், ஏன்னா அங்க டிரைவர் இம்பீடன்ஸ் அதிகம், இழப்பு கம்மி. அதனாலதான் இதை முடிச்சுட்டு ரெண்டாவது படிக்குப் போகணும்.

ரெண்டாவது படி நாட்ச், அதாவது ஒரு குறுகிய பட்டையை மட்டும் இறக்குற சர்க்யூட். 0.33 மில்லிஹென்றி ஏர்-கோர் காயில், 8.2 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர், 6.8 ஓம் 10 வாட் ரெசிஸ்டர். மூணையும் ஒண்ணுக்கொண்ணு பேரலலா கட்டி, அந்தக் கட்டை டிரைவருக்கு சீரிஸ்ல போடுங்க. நடு 3060 ஹெர்ட்ஸ். அந்த இடத்துல டிரைவர் 12 ஓம் காட்டினா, முன்னாடி போட்ட 3 ஓமையும் சேர்த்துப் பார்த்தா 3.2 டிபிக்கு ஒட்டி இறங்கும். 6.8 ரெசிஸ்டரை 4.7 ஆக்கினா 2.4 டிபி. மேடு 4 கிலோஹெர்ட்ஸ்ல இருந்தா கெபாசிட்டரை 4.7 ஆக்குங்க. ரிச்சி தெருவுல 0.33 ரெடிமேடா கிடைக்கலைன்னா சுத்திக்கலாம். எலக்ட்ரோலிடிக் நான்-போலார் போட வேண்டாம், மதிப்பு 20 சதவீதம் தள்ளிப்போனா நாட்ச் வேற இடத்துல உட்காரும்.

இதையெல்லாம் வாங்கப் போறதுக்கு முன்னாடி டிரைவர் நேரா காதைப் பார்க்காம 15 டிகிரி வெளியே திருப்பிக் கேளுங்க. டிரைவர் நடுவுல உள்ள சின்னக் கூம்பு கத்துறது நேர்கோட்டுலதான் அதிகம். சில ரூம்ல அதுவே போதும்.

இழைப்புளி:

பெட்டியைப் பத்தி யாரும் பேசலையே. ஒரு பக்கப் பலகையை இன்னும் ஒட்டலைன்னா ஒட்டாதீங்க தம்பி. 3 மி.மீ. ஃபோம் டேப் ஓட்டி, 10 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ போட்டு மூடுங்க. ட்யூனிங் முடியிற வரைக்கும் திறந்து மூடணும். ஒட்டிட்டா தொண்டைக்குள்ள துண்டு வைக்கிறது டிரைவர் ஓட்டை வழியா கை விட்டுத்தான், அது நரகம்.

கசிவு பார்க்க 30 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஊதுவத்தியை ஒவ்வொரு மூட்டா காட்டுங்க. புகை நேரா போகாம உதறினா அங்க ஓட்டை. அதிகம் கசியுறது நடுப் பலகை பக்கப் பலகையில முட்டுற இடம். வெளியே தெரியாது, ஒரு மடிப்பிலிருந்து அடுத்த மடிப்புக்குக் காத்து குறுக்கு வழியில போயிடும். உள் பலகைக் கீற்று எல்லாத்தையும் ரம்பத்தோட ஃபென்ஸை ஒரே இடத்துல வச்சு, ஒரே தடவையில 320 மி.மீ.க்கு அறுத்திருந்தா இந்தப் பிரச்னை வராது. ஒண்ணு 319, ஒண்ணு 321ன்னு இருந்தா ஃபெவிகால் ஊத்தி நிரப்புறது ஏமாத்து வேலை, காஞ்சதும் சுருங்கும். மரத்தூள் கலந்த எபாக்ஸி வையுங்க.

டிரைவரைக் கழட்டி மாட்டும்போது ஸ்க்ரூட்ரைவர் மேல ஒரு கை, கூம்பு மேல ஒரு அட்டை. மேக்னட் ஸ்க்ரூட்ரைவரை இழுக்குற வேகத்துக்கு காகிதம் ஒண்ணுமே இல்ல.

எட்டங்குலம்:

தொண்டைத் துண்டு, இரட்டை வளையம், 3 ஓம், மூலை எல்லாம் ஆச்சு. நாட்ச் இன்னும் போடல. 240 பள்ளம் காணோம். 118இல் 9 இருந்தது 5. பாஸ் 55 வரைக்கும் வருது. குரல் வெளியே வந்துடுச்சு. ஆனா வாய்ல மைக்கை வச்சு அளந்தா டிரைவரை விட 8 டிபி கம்மியா காட்டுது, ஹார்ன் வேலை செய்யுதா இல்லையா? இன்னொண்ணு, இடது பக்கம் மட்டும் 63 ஹெர்ட்ஸ்ல கிர்ர்னு ஒரு சத்தம். ஊதுவத்தி பிடிச்சாச்சு, கசிவு இல்ல.

கூம்புக்கணக்கு:

கிட்டே வைத்து அளந்ததை அப்படியே ஒப்பிடக் கூடாது. வாய் 1440, கூம்பு 205, ஏழு மடங்கு பரப்பு. வாயின் அளவீட்டோடு 8.5 டிபி கூட்டிக்கொள்ளுங்கள். ஹார்ன் டிரைவருக்குச் சமமாக வேலை செய்கிறது.

அடுத்த பெட்டி அடிப்பதானால் 30 ஹெர்ட்ஸ் விரிவுக்குப் போங்கள், 63 செ.மீ.க்கு ஒரு முறை பரப்பு இரட்டிக்கும். 160இல் தொடங்கி 2.5 மீட்டரில் வாய் 2480 வரும், 32க்கு 77. மூலையில் அது 70 வரை பிடிக்கும். பள்ளம் 138க்கு நகரும். அகலத்தை மாற்ற வேண்டாம். ஜப்பானில் ஆடியோ விமர்சகர் நாகாவோகா டெட்சுவோ வரைந்த பெட்டிகள் பலவும் ஒரே அகலம்தான், தச்சு வேலை பாதியாகும். வெட்டும் முன் ஹார்ன்ரெஸ்ப் என்ற ஹார்ன் கணக்கு மென்பொருளில் போட்டுப் பாருங்கள், இலவசம்.

இழைப்புளி:

இடது மூலையிலதானே பீரோ இருந்துச்சு? எங்க நகர்த்துனீங்க?

எட்டங்குலம்:

அதே சுவர், ரெண்டடி தள்ளி.

இழைப்புளி:

63 ஹெர்ட்ஸ் ஓட விட்டுட்டு பீரோ கதவை உள்ளங்கையால அழுத்திப் பாருங்க. நின்னா, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவுல செய்தித்தாளை நாலா மடிச்சுச் செருகுங்க. நிக்கலைன்னா பக்கப் பலகையை விரல் மூட்டால தட்டிக்கிட்டே வாங்க. ப்ளைக்குள்ள உள் அடுக்குல பொத்தல் இருந்தா அந்த இடம் மட்டும் சொத்தையா சத்தம் கொடுக்கும். 3 மி.மீ. ஓட்டை போட்டு, சிரிஞ்சுல எபாக்ஸியை ஏத்திடுங்க.