மொழிப்பாட விலக்குடன் பிளஸ் டூ முடித்த மகன் பி.காம். சேர்கிறான்: கல்லூரிக்கு என்னென்ன ஆயத்தம் தேவை?

கேள்வி: வைகைக்கரை அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு டிஸ்லெக்சியாவும் (படிப்பதில் சிரமம்) டிஸ்கிராஃபியாவும் (எழுதுவதில் சிரமம்) இருப்பது ஐந்தாம் வகுப்பில் கண்டறியப்பட்டது. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அனுமதியுடன் மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகிய சலுகைகளைப் பெற்றுத் தேர்ச்சி அடைந்தான். இப்போது மதுரையை விட்டுத் திருச்சிக்குச் சென்று, ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.காம். சேர்கிறான். விடுதியில்தான் தங்க வேண்டும்.

கணக்கியல் அவனுக்குப் புரியாத பாடமன்று. எதைப் பற்று வைக்க வேண்டும், எதை வரவு வைக்க வேண்டும் என்று வாயால் கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவான். குறிப்பேட்டிலிருந்து (நடவடிக்கைகளை முதலில் பதியும் ஏடு) பேரேட்டுக்கு (கணக்குவாரியாகப் பிரித்து எழுதும் ஏடு) எடுத்து எழுதும்போதுதான் 5,690 என்பது 5,960 ஆகிவிடுகிறது. பாதிப் பக்கத்துக்கு மேல் எழுத்து வரியை விட்டு இறங்கிவிடுகிறது. வகுப்பில் குறிப்பெடுப்பது அவனால் அறவே இயலாது.

பள்ளியில் விண்ணப்பம் எழுதுவது, தலைமையாசிரியரைப் பார்ப்பது, மருத்துவக் குழுவுக்கு அழைத்துச் செல்வது எல்லாம் நானே செய்துவந்தேன். கல்லூரியில் அந்தச் சலுகைகள் தொடருமா? சான்றிதழில் 40 விழுக்காடு என்று குறிப்பிடப்படாததால் ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். மொழிவிலக்கு பெற்றவனைப் பட்டப்படிப்பின் மொழிப்பாடமான பகுதி ஒன்றில் தமிழ் எழுதச் சொன்னால் என்ன செய்வது? இவற்றையெல்லாம் விட, தனக்கு இப்படி ஒரு குறைபாடு இருப்பதைக் கல்லூரியில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று அவன் பிடிவாதமாக இருக்கிறான். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: சிறப்புக் கல்வியாளர், கோவை

சகோதரிக்கு வணக்கம். முதலில் அந்த 40 விழுக்காட்டுக் கணக்கைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனெனில் இதைச் சொல்லியே பல பெற்றோரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அவற்றுள் ஒன்று. 40 விழுக்காடு என்ற வரம்பு, அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு இட ஒதுக்கீடு போன்றவற்றுக்குரியது. தேர்வில் எழுத்தர் (சொல்வதை எழுதுபவர்) உதவி கேட்பதற்கு அந்த வரம்பைத் தடையாகக் காட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், விகாஷ் குமார் எதிர் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் என்ற வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவரின் குறைபாடும் எழுதுவது தொடர்பானதே. அதன் தொடர்ச்சியாக, 40 விழுக்காட்டுக்குக் குறைவான குறைபாட்டுடன் எழுதுவதில் சிரமப்படுபவர்களுக்கும் எழுத்தர் உதவியும் கூடுதல் நேரமும் தருவதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை ஒன்றிய அரசு 2022 ஆகஸ்டில் வெளியிட்டது. கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு அது ஒரு மணி நேரமாகிறது.

சான்றிதழ் எந்த வயதில் பெற்றது என்பதையும் பாருங்கள். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் பற்றிய 2018ஆம் ஆண்டு நெறிமுறைகள் 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு செய்யுமாறு கூறின. உங்கள் மகன் 18ஐத் தொடும் நேரத்தில் இருப்பதால், கல்லூரி திறந்த பின் மருத்துவக் குழுவுக்காக அலையாமல், கோடை விடுமுறையிலேயே அதை முடித்து, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையையும் புதுப்பித்துவிடுங்கள். சிறுவயதில் எடுத்த அறிக்கையைக் காட்டினால், இது வளர வளரச் சரியாகியிருக்குமே என்று கேட்கும் அலுவலர்கள் உண்டு.

ஆனால் காகிதங்கள் ஆயத்தமானால் மகன் ஆயத்தமாகிவிட்டான் என்று எண்ண வேண்டாம். பள்ளியில் சலுகைகள் உங்கள் உழைப்பால் அவனைத் தேடி வந்தன. கல்லூரியில், அதுவும் விடுதியில் இருக்கும்போது, ஒவ்வொரு பருவத்திலும் அவனே கேட்டுப் பெற வேண்டியிருக்கும். தன் மதிப்பீட்டு அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பதே தெரியாத பிளஸ் டூ மாணவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்த அறிக்கையை அவனுக்கு முழுமையாகப் படித்துக் காட்டுங்கள். பிறகு அவனே தன் சொந்தச் சொற்களில் சொல்லிப் பழகட்டும்: “எனக்கு டிஸ்லெக்சியா இருக்கிறது. கேட்டால் உடனே புரியும், படிக்க நேரமாகும். எழுத்துத் தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் தேவை. பள்ளியில் இவை கிடைத்தன, ஆணை இதோ.” இதற்கு மேல் விளக்கமும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம். முதலில் உங்களிடமும், அடுத்து உறவினர் ஒருவரிடமும், பின்னர் பழைய பள்ளி ஆசிரியர் ஒருவரிடமும் சொல்லட்டும். துறைத் தலைவரைப் பார்க்கப் போகும் நாளில் நீங்கள் உடன் செல்லாமல் இருப்பது நல்லது.

பதில் 2: வணிகவியல் உதவிப் பேராசிரியர்

மேலே எழுதியவரின் கருத்துகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றை ஏற்கிறேன். முதல் சந்திப்புக்குத் தாயோ தந்தையோ கட்டாயம் வர வேண்டும். பெற்றோர் உடன் வராத மாணவர், தேர்வு பயத்தால் சாக்குச் சொல்கிறார் என்று நினைக்கும் ஆசிரியர்கள் இன்றும் எங்களிடையே இருக்கிறார்கள். வாருங்கள், ஆனால் பேசுவது மகனாக இருக்கட்டும்.

தன்னாட்சிக் கல்லூரி என்பது உங்களுக்கு ஒரு வகையில் வசதி. பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியாக இருந்தால் பருவத் தேர்வுக்கான அனுமதி பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டும். உங்கள் மகனுக்குக் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரே முடிவெடுப்பார். சேர்க்கை முடிந்த முதல் வாரத்திலேயே அவருக்கு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பித்து, முதல்வருக்கும் துறைத் தலைவருக்கும் நகல் கொடுத்து, மூன்றிலும் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர் போன்றோருக்கு உதவும் சமவாய்ப்பு மையம் செயல்பட்டால் அங்கும் ஒரு நகல் போகட்டும்.

அந்த விண்ணப்பத்தில் பெரும்பாலோர் விட்டுவிடுவது, பருவத்தின் இடையே துறையே நடத்தும் அகமதிப்பீட்டுத் தேர்வை. பருவத் தேர்வுக்கு ஆணை வந்துவிடும், எழுத்தரும் வந்துவிடுவார். அகமதிப்பீட்டுத் தேர்வையோ பல துறைகள் ஒரே பாடவேளையில், வகுப்பறையிலேயே நடத்திவிடுகின்றன. மணி அடித்ததும் அடுத்த ஆசிரியர் வாசலில் நிற்பார். இருபது நிமிடம் கூடுதலாக யார் தருவார்? பாடம் நன்றாகத் தெரிந்த மாணவர் பருவத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி, அகமதிப்பீட்டில் கோட்டைவிடுவது இப்படித்தான். எனவே “அகமதிப்பீட்டுத் தேர்வுகள், ஒப்படைப்புகள், பருவத் தேர்வுகள் அனைத்துக்கும்” என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஒப்படைப்பைக் கையால் எழுதாமல் தட்டச்சு செய்து கொடுக்கவும் அதே விண்ணப்பத்தில் அனுமதி கேளுங்கள்.

பகுதி ஒன்று பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. பிளஸ் டூ வரை தமிழ் படித்தவர், படிக்காதவர் என்ற இரண்டு வகையினரைத்தான் சேர்க்கைப் படிவங்கள் அறியும். மொழிவிலக்கு பெற்றவருக்கு அங்கே கட்டமே இருக்காது. மேலே சொன்ன 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தேர்வில் கூடுதல் நேரம், எழுத்தர் ஆகியவற்றோடு இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு அளிப்பதையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதைச் சுட்டிக்காட்டி, பள்ளியின் மொழிவிலக்கு ஆணையை இணைத்துத் தனி விண்ணப்பமாகக் கொடுங்கள். வகுப்பு ஆசிரியரின் வாய்மொழி உறுதியை நம்பி இருந்துவிடாதீர்கள். விலக்கோ மாற்றுப் பாடமோ, எழுத்தில் வராவிட்டால் மூன்றாம் ஆண்டின் இறுதியில் அது அரியராக வந்து நிற்கும்.

இனி, எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். 5,690 இருக்க வேண்டிய இடத்தில் 5,960 எழுதினால் வித்தியாசம் 270. அது 9 ஆல் மீதியின்றி வகுபடும். எந்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் இப்படித்தான் வரும். இருப்பாய்வு (பற்று, வரவு மொத்தங்கள் சமமா என்று பார்க்கும் பட்டியல்) ஒட்டவில்லை என்றால் வித்தியாசத்தை 9 ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்லி எல்லா மாணவர்களுக்கும் நாங்கள் கற்றுத்தருகிறோம். உங்கள் மகனுக்கு இது சரியான கருவி: தவறு நேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு எண்ணையும் மறுபடி படித்துக் களைப்பதை விட, வகுபட்டால் எங்கோ இலக்கம் மாறியிருக்கக் கூடும் என்று உடனே சந்தேகிக்கலாம். ஆனால் ஒரே தவறான தொகையைப் பற்று, வரவு இரண்டு பக்கமும் எழுதிவிட்டால் இருப்பாய்வு ஒட்டிவிடும். இந்தச் சோதனையில் அது சிக்காது.

எழுத்தரோடு கணக்கியல் தேர்வு எழுதுவதற்கும் தனியாகப் பழக வேண்டும். வரலாற்றுப் பாடத்தில் வாக்கியத்தைச் சொன்னால் போதும். இங்கே நாள், விவரம், பே.ப.எண் (பேரேட்டுப் பக்க எண்), பற்று, வரவு என்று கட்டம் கட்டமாகச் சொல்ல வேண்டும். வணிகவியல் படிக்காத எழுத்தருக்கு எந்தத் தொகை எந்தக் கட்டத்தில் என்பது தெரியாது. வீட்டில் தம்பி தங்கையை எழுத வைத்து, முழுக் கணக்கு ஒன்றை நேரம் பார்த்துச் செய்து பாருங்கள். எண்களை “ஐயாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு” என்று ஒருமுறையும் “ஐந்து, ஆறு, ஒன்பது, சுழியம்” என்று ஒருமுறையும் சொல்லிப் பழகுவது நல்லது.

பதில் 3: மூன்றாமாண்டு, காட்சித் தொடர்பியல்

அம்மா, வணக்கம். எனக்கும் டிஸ்லெக்சியா இருக்கிறது. நானும் விடுதி மாணவன். பேராசிரியர்கள் தேர்வைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் மற்ற நேரங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

கல்லூரியில் அறிவிப்புகள் எல்லாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில்தான் வரும். அதுவும் எழுத்தாக வராது. அறிவிப்புப் பலகையைச் சாய்வாகப் படமெடுத்துப் போடுவார்கள். படத்தில் இருக்கும் எழுத்தை கூகுள் லென்ஸ் வாசித்துக் காட்டும். அதை உங்கள் மகன் இப்போதே பழகிக்கொள்ளட்டும். தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதி போன்ற முக்கியமான அறிவிப்புகளை மட்டும் நான் ஒரு நண்பனிடம் கேட்டு உறுதிசெய்துகொள்வேன். பாடத்துக்கு, ஆசிரியரிடம் அனுமதி கேட்டு விரிவுரையைப் பதிவு செய்கிறேன். சிலர் மறுப்பார்கள், அவர்களிடம் வகுப்புக்கு முன்பே விளக்கப்படங்களைத் தர முடியுமா என்று கேட்பேன். அச்சுப் புத்தகங்களுக்கு மாற்றாக சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் டிஸ்லெக்சியா உள்ளவர்களும் சேரலாம். பாடப்புத்தகம் எல்லாம் அங்கே கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

யாருக்கும் சொல்லக் கூடாது என்று உங்கள் மகன் நினைப்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் எழுத்தர் வேண்டுமென்றால் தேர்வன்று தனி அறையில்தான் உட்கார வேண்டும். நுழைவுச்சீட்டோடு நாம் வேறு பக்கம் நடப்பதை வகுப்பே பார்க்கும். ஆகவே ரகசியம் என்பது முதல் தேர்வு வரைதான். அதற்குள் யாரிடம் எப்படிச் சொல்வது என்று அவன் முடிவு செய்துகொண்டால், மற்றவர்கள் கதை கட்ட இடமிருக்காது. அலுவல் முறையில் தெரிய வேண்டியவர்கள் துறைத் தலைவர், வகுப்பு ஆசிரியர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஆகியோர் மட்டுமே. நான் முதலில் அறைத் தோழர்களிடம் சொன்னேன். எப்போதும் காதில் இயர்போன் மாட்டியிருந்ததால், இவன் படிக்காமல் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். பாடத்தைத்தான் கேட்கிறேன் என்று தெரிந்த பிறகு, அவர்களே தேர்வுக்கு முந்தைய இரவில் சத்தமாகப் படிக்கத் தொடங்கினார்கள்.

கேலி செய்பவர்கள் இருக்க மாட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். கூடுதல் நேரம் கிடைப்பதை “அதிர்ஷ்டம்” என்று சொன்ன ஒருவனோடு எனக்கு இன்றும் பேச்சுவார்த்தை இல்லை.

வைகைக்கரை அம்மா

மூவருக்கும் மிக்க நன்றி. மூன்றாமாண்டுத் தம்பி எழுதியதை மகனுக்குப் படித்துக் காட்டினேன்; இயர்போன் செய்தியைக் கேட்டுச் சிரித்தான், அறிக்கையை எடுத்துவரச் சொன்னான். பேராசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி: எழுத்தரை நாங்கள் அழைத்து வர வேண்டுமா, கல்லூரி தருமா?

வணிகவியல் உதவிப் பேராசிரியர்

கல்லூரியே தருமாறு விண்ணப்பத்தில் கேளுங்கள். வெளியூர் மாணவர் ஒவ்வொரு தேர்வுக்கும் ஆள் தேடுவது நடக்காத காரியம். எழுத்தரின் கல்வித் தகுதி தேர்வு எழுதுபவருடையதை விடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதால், வேறு துறையின் கீழ்வகுப்பு மாணவரை அனுப்புவதே வழக்கம். தேர்வுக்கு ஓரிரு நாள் முன்பே அவரைச் சந்திக்க அனுமதி கேட்டு, ஒரு பேரேட்டுக் கணக்கையாவது சேர்ந்து எழுதிப் பார்க்கட்டும். அனுமதி ஆணையின் நகல் ஒன்று எப்போதும் அவன் சட்டைப்பையில் இருக்க வேண்டும். 2021இல் நீட் எழுதிய டிஸ்கிராஃபியா மாணவி ஒருவருக்குத் தேர்வு மையத்தில் கூடுதல் நேரம் மறுக்கப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் அவர் பக்க நியாயத்தை ஏற்றது. மறுதேர்வு மட்டும் கிடைக்கவில்லை.