மறு: 'சுருதித் திருத்தம்' என்பதற்கு மாற்றாகச் 'சுரநேராக்கம்'

நண்பர்களுக்கு வணக்கம்.

பாடிய குரலின் சுரங்களை மாற்றியமைக்கும் ஆட்டோடியூன் மென்பொருள் செய்யும் வேலைக்கு (ஆங்கிலத்தில் 'pitch correction') இங்கே முன்மொழியப்பட்ட 'சுருதித் திருத்தம்' என்ற சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. நம் வழக்கில் சுருதி என்பது தம்புராவோ சுருதிப்பெட்டியோ தரும் ஆதார ஒலி. மென்பொருள் அதைத் தொடுவதே இல்லை. பாடகர் பிடித்த சுரத்தின் அதிர்வெண்ணைக் கணக்கிட்டு, மிக அருகிலுள்ள சுரத்தானத்துக்கு, அதாவது ஒரு சுரத்துக்கென வரையறுத்த நிலைக்கு, அதை நகர்த்துகிறது. நில அதிர்வுத் தரவுகளை ஆராய்ந்துவந்த ஆண்டி ஹில்டெபிராண்டு, அத்துறையின் கணக்குமுறையைக் குரலுக்குப் பொருத்தி 1997இல் இதை வெளியிட்டார். மறு ஆண்டே அமெரிக்கப் பாடகி ஷேர் பாடிய 'பிலீவ்' பாட்டில், நகர்த்தும் வேகத்தை உச்சத்தில் வைத்து எந்திரக் குரலையே ஓர் அழகாக்கிவிட்டார்கள்.

'திருத்தம்' என்ற பகுதிதான் என்னை மிகவும் வருத்துகிறது. திருத்தம் என்றாலே முன்பு பிழை இருந்தது என்றாகிறது. தோடி ராகத்தின் காந்தாரம் ('க' என்னும் சுரம்) அசைந்தால்தான் காந்தாரம். மென்பொருளுக்கோ அந்த அசைவே பிழை. எங்கள் தொண்டிப் பக்கம் மீனவர்கள் கரைவலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுக்கும் பெரியவர் ஒருவரின் தனிக்குரலை, அலையிரைச்சல் புகாத அறையில் பதிவுசெய்து, இதில் இட்டுப் பார்த்தேன். 'ஏலேலோ' என்று கீழிருந்து இழைந்து மேலேறும் இடம் படிக்கட்டாக வெட்டுப்பட்டு, கயிறு இழுப்பவர்கள் விசைகூட்டுவதற்கு அடையாளமான அந்த ஏற்றமே காணாமற்போயிற்று. அவர் மூச்சு வாங்கும் இடமும் சொல்லின் அழுத்தமும் மட்டும் அப்படியே இருந்தன. ஆகவே, இன்றைய திரைப்பாடகர் ஒருவருக்கு மெய்யாகவே பாட வருமா என்று ஆராயும்போது, சுரம் பிசகாமை எந்திரத்தாலும் கிடைத்துவிடும் என்பதால், மூச்சையும் சொல்லையும் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு அவர் போகும் வழியையுமே செவிமடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் ஹனீபாவின் குரலை ஒற்றை வரியிலேயே நாம் இனங்காண்பதும் இவற்றால்தான்.

எனவே 'சுரநேராக்கம்' என்று முன்மொழிகிறேன். வளைவை நேராக்குதல், சுரத்தானத்துக்கு நேரே நிறுத்துதல் ஆகிய இரண்டையும் அது சொல்கிறது. புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. கருவிக்குச் 'சுரநேராக்கி' என்றும், நகர்த்தும் விரைவுக்கு 'நேராக்க வேகம்' என்றும் கொள்ளலாம். சுரம் காய்ச்சலையும் குறிக்குமே என்ற தயக்கத்துக்கு இசைச் சூழலில் இடமில்லை.

மெலோடைன் என்னும் மற்றொரு மென்பொருளில் ஒவ்வொரு சுரமாகக் கையால் நகர்த்துவதற்குக் 'கைவழிச் சுரநேராக்கம்' போதுமா, தனிச்சொல் வேண்டுமா என்பதை ஒலிப்பதிவுக் கூடங்களில் பணிபுரியும் நண்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.