எய்ட்ஸ் கிருமி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டதா?

கேள்வி: எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவம் ஃபோர்ட் டெட்ரிக் ஆய்வகத்தில் உருவாக்கியது என்று என் மாமா உறுதியாகச் சொல்கிறார், பழுப்பேறிய செய்தித்தாள் நறுக்கு ஒன்றையும் மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறார். இதில் உண்மை உண்டா?

பதில்: இல்லை. 1983 ஜூலையில் டெல்லியின் ‘பேட்ரியாட்’ நாளிதழில், பெயர் குறிப்பிடாத அமெரிக்க விஞ்ஞானி எழுதியதாக வெளியான கடிதமே இக்கதையின் தொடக்கம். இதற்குப் பின்னால் சோவியத் உளவுத்துறையான கேஜிபி இருந்ததை 1992இல் ரஷ்ய வெளியுளவுத் துறைத் தலைவர் பிரிமகோவே ஒப்புக்கொண்டார்.

மற்றொரு பதில்: 1959இல் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில், இன்றைய கின்ஷாசா நகரில் ஒருவரிடம் எடுத்துச் சேமித்த ரத்தத்திலேயே இக்கிருமியின் தடயம் இருந்தது, மரபணுவை வெட்டி ஒட்டும் நுட்பமோ 1970களில்தான் வந்தது. தென்கிழக்குக் கேமரூனின் சிம்பன்சிகளிடமிருந்தே இது மனிதருக்குத் தாவியது என்பதை மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன.

கேட்டவர்: மிக்க நன்றி. இந்த ஆண்டுகளை இன்றே மாமாவிடம் காட்டுகிறேன். இக்கதையை நம்பி யாரும் சிகிச்சையை மறுத்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.