ஆசிரியர்களின் சிறு கற்றல் குழு: செயலமர்வுக்குப் பதிலாகுமா?

படுவான்கரை கணிதம்:
கல்வி வலயத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் செயலமர்வு வைக்கிறார்கள். மண்டபம் நிறைய ஆசிரியர்கள், முன்னால் ஒருவர் பேசுவார். மறுநாள் வகுப்பில் எதுவும் மாறுவதில்லை. அந்த நேரத்தைப் பாடசாலைக்குள் நாலைந்து பேர் கூடும் சிறு குழுக்களுக்குக் கொடுங்கள் என்கிறேன். எங்கள் குழுவில் ஏழாம் தரப் பிள்ளைகளின் கொப்பிகளை மேசையில் விரித்துப் பார்த்தோம். 1/2 + 1/3 = 2/5 என்று பலர் எழுதியிருந்தார்கள். "2/5 அரையை விடச் சிறியது. அரையோடு இன்னொன்றைக் கூட்டினால் அரையை விடக் குறையுமா என்று பிள்ளையிடமே கேட்போமே" என்றார் ஓர் இளம் ஆசிரியை. நீண்ட காலம் படிப்பித்தவர்களுக்கும் அந்தக் கேள்வி தோன்றியிருக்கவில்லை. கொப்பி முன்னால் இருந்ததால்தான் அது வந்தது.

கல்முனை விஞ்ஞானம்:
சேர், விஷயம் தெரிந்த ஒருவரும் இல்லாத குழுவில் என்ன நடக்கும்? தாவரம் இரவில் மட்டும்தான் சுவாசிக்கும் என்று நம்புகிற ஆசிரியர்களைக் கண்டிருக்கிறேன். அப்படி நாலு பேர் கூடிப் பேசினால் பிழை இன்னும் இறுகும். பகலிலும் சுவாசம் நடக்கிறது, ஒளித்தொகுப்பு வேகமாக நடப்பதால் அது வெளியே தெரிவதில்லை என்று சொல்ல ஆசிரிய ஆலோசகர் வேண்டும். செயலமர்வு சரியில்லை என்றால் அதைத் திருத்துங்கள்.

படுவான்கரை கணிதம்:
ஆலோசகர் குழுவுக்கே வரட்டும். ஜப்பானிய ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் படிப்பிக்க, மற்றவர்கள் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிறகு கூடிப் பேசும்போது, பாடம் அறிந்த ஒருவரை வெளியிலிருந்து அழைப்பதும் அங்கே வழக்கம். 1940களில் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்க முகாமையாளர்களை ஒருவர் பிரச்சினையை மற்றவர் கேட்டுக் கற்க வைத்த ரெக் ரெவன்ஸ் என்ற கல்வியாளரும் நிபுணர் அறிவை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு கேள்வியும் சேர வேண்டும் என்றார்.

திருக்கோவில் ஆரம்பப்பிரிவு:
எப்போது கூடுவது, அதைச் சொல்லுங்கள். 1.30க்கு மணி அடித்தால் எங்களுக்கு பஸ். வீட்டில் சின்னப் பிள்ளைகள். நேரசூசியில் ஒரு பாடவேளை ஒதுக்கினால் நான் முதல் ஆளாக வருவேன். முன்பு இருந்த பாடசாலையில் இப்படித் தொடங்கிய குழு, போகப் போகப் படம் எடுத்து, கையொப்பம் வைத்து, அறிக்கைக் கோவையில் போடுவதற்காகவே கூடியது. கொப்பி ஒன்றும் மேசைக்கு வரவில்லை. அறிக்கை கேட்க மாட்டோம் என்று வலயம் எழுதித் தர வேண்டும்.

கல்முனை விஞ்ஞானம்:
அக்கா சொல்வது சரி. ஆனால் சிறிய பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு ஒரே ஓர் ஆசிரியர். அவர் யாரோடு குழு சேர்வது? மற்ற விஞ்ஞான ஆசிரியர்களை அவர் காண்பதே வலயச் செயலமர்வில்தான்.

படுவான்கரை கணிதம்:
பக்கத்துப் பாடசாலைகள் இரண்டு மூன்று சேரட்டும், மாதம் ஒரு முறை, பாடசாலை நேரத்துக்குள்.

கல்முனை விஞ்ஞானம்:
அன்றைக்கு அவருடைய வகுப்புகளை யார் பார்ப்பது? பதில் ஆசிரியர் ஒருவரை அனுப்ப வலயம் சம்மதித்தால் நானும் உங்கள் பக்கம் வருகிறேன். அதுவரை செயலமர்வை விட்டுக்கொடுக்க மாட்டேன்.