வீட்டு பேட்டரி, கார் சார்ஜிங், கிளவுட் விதிகள்: வேலூர்ப் பக்கம் செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

காட்பாடியிலிருந்து

2024 பிப்ரவரியில் பி.எம். சூர்ய கர் திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று ஆனபிறகு எங்கள் தெருவில் மாடிக்கு மாடி சோலார் பேனல். அடுத்து பேட்டரி, அதற்கடுத்து மின்சாரக் கார் என்று ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். எல்லாவற்றையும் ஃபோனிலேயே ஓட்டலாம் என்று விற்பவர்கள் காட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் ஓட்டினேன். ஒரு மே மாத இரவில் அது எங்களைக் கைவிட்டது. இப்போது வாங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் 3 கிலோவாட் பேனல், பேனல், பேட்டரி, இ.பி. லைன் மூன்றையும் சேர்த்து ஓட்டும் ஒரு ஹைப்ரிட் இன்வெர்ட்டர், 51.2 வோல்ட் 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, அதாவது 5.12 யூனிட். கார் 15 ஆம்ப்ஸ் பிளக்கில் 3.3 கிலோவாட் இழுக்கும். பேட்டரி வாங்கியது காருக்காக இல்லை. நைனாவுக்கு நுரையீரல் பலவீனம், இரவில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கான்சன்ட்ரேட்டர் ஓடவேண்டும். அது சுமார் 350 வாட் எடுக்கும், எட்டு மணி நேரத்துக்கு 2.8 யூனிட். பேட்டரியை 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கவிடாமல் வைத்தாலும் 4 யூனிட் கையில் நிற்கும். ஒரு ஃபேனோடு சேர்த்து இரவு தாங்கிவிடும் என்பது என் கணக்கு.

கார் சார்ஜருக்கு முன்னால் ஒரு வைஃபை சுவிட்ச், அது ஒரு காண்டாக்டரை (பெரிய கரெண்டைச் சேர்த்து வெட்டும் சுவிட்ச்) இழுக்கும். விதி இரண்டே வரி: பேட்டரி 80 சதவீதம் தாண்டினால் காருக்குக் கொடு, மாலை 4 மணிக்கு நிறுத்து. இந்த விதி எங்கள் வீட்டில் இல்லை, கம்பெனியின் கிளவுடில், அதாவது இணையத்தில் எங்கோ இருக்கும் அவர்களுடைய சர்வரில் இருந்தது. இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அன்றைக்கு அனல் வெயில். மூன்றரை மணிக்கு மேற்கே கறுத்துக்கொண்டு வந்து சூறைக்காற்று அடித்தது. தெருவில் வேப்பங்கிளை முறிந்து ஃபைபர் கேபிள் மேல் விழுந்து நெட் போய்விட்டது. கரெண்ட் அப்போது இருந்தது. 4 மணிக்கு கிளவுட் 'நிறுத்து' என்று சொல்லியிருக்கும், ஆனால் நெட் இல்லாததால் அது சுவிட்சின் காதில் விழவில்லை. காண்டாக்டர் இழுத்தபடியே இருந்தது. பேனலில் வெளிச்சம் செத்துவிட்டது. இன்வெர்ட்டருக்குக் கார் எது, ஃபேன் எது என்று தெரியாது. வீட்டில் யாரோ கேட்கிறார்கள், கொடு என்று பேட்டரியிலிருந்து காருக்கு ஊற்றியது. ஐந்தரைக்கெல்லாம் பேட்டரி 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

இதில் என்னை அதிகம் உலுக்கியது வேறு ஒன்று. ஆறு மணிக்கு நான் ஆபீஸிலிருந்து கிளம்பும்போது ஃபோனைத் திறந்து பார்த்தேன். பேட்டரி 92 சதவீதம் என்று பச்சையில் இருந்தது. நிம்மதியாக வண்டி ஏறினேன். கீழே பொடி எழுத்தில் 'கடைசியாகப் புதுப்பித்தது 3.25' என்று போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

இரவு 9.40-க்கு கரெண்ட் போனது. இன்வெர்ட்டர் திரையில் 20 சதவீதம். அதற்குக் கீழே போகாதே என்று வரம்பு வைத்ததும் நான்தான். கான்சன்ட்ரேட்டர் விடாமல் கூவ ஆரம்பித்தது. டார்ச் வெளிச்சத்தில் மாற்று சிலிண்டரைத் திறந்து, ரெகுலேட்டரை 2 லிட்டரில் வைத்து, நைனாவை உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார் அம்மா. 11.55-க்கு கரெண்ட் வந்தது. சிலிண்டர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை நினைக்கப் பிடிக்கவில்லை.

அதன்பிறகு எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு மறுபடி செய்தேன். கிளவுட் யோசனை சொல்லட்டும், மின்சாரத்தை வெட்டும் கை வீட்டுக்குள்தான் இருக்கவேண்டும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

முதலில் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரில் ஹோம் அசிஸ்டன்ட் போட்டேன். வீட்டுச் சாதனங்களை வீட்டுக்குள்ளிருந்தே ஓட்டும், காசில்லாத, திறந்த மூல மென்பொருள். இன்வெர்ட்டரில் தகவல் எடுப்பதற்கென்று இருக்கும் ஆர்.எஸ். 485 துளையிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, மாட்பஸ் என்ற கருவிகளின் மொழி வழியாக 10 விநாடிக்கு ஒருமுறை பேட்டரி அளவை நேராகப் படிக்கிறது. முன்பு இன்வெர்ட்டரில் செருகிய வைஃபை டாங்கிள் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கிளவுடுக்கு அனுப்பும், நான் அங்கே போய்க் கேட்டு வாங்குவேன். என் வீட்டு பேட்டரியின் கணக்கு ஊர் சுற்றிவிட்டு என்னிடம் வந்துகொண்டிருந்தது. ரௌட்டர், ஃபைபர் பெட்டி, ராஸ்பெரி பை மூன்றும் இப்போது பேட்டரி லைனில் இருக்கின்றன. கரெண்ட் போனாலும் மூளை அணையாது.

அப்புறம் சி.டி. கிளாம்ப். இதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மெயின் ஒயரைச் சுற்றி ஒரு வளையம் மாட்டியிருப்பார்கள். வீடு எவ்வளவு இழுக்கிறது என்று இன்வெர்ட்டர் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். கார் சார்ஜரின் இணைப்பை அந்த வளையத்துக்கும் இ.பி. மீட்டருக்கும் நடுவில் எடுத்துவிட்டால் காரின் இழுவை இன்வெர்ட்டரின் கண்ணிலேயே படாது. அதனால் பேட்டரியைத் திறந்துவிடாது. ஆனால் வெயில் நேரத்தில் மிஞ்சும் சோலார் மின்சாரம் வெளியே போகும் வழியில் கார் நிற்பதால் அது காருக்குத்தான் போகும். மென்பொருளில் எத்தனை விதி எழுதினாலும் கிடைக்காத பாதுகாப்பு இந்த ஒரு ஒயர் மாற்றத்தில் கிடைத்தது. இதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துத்தான் செய்தேன்.

சார்ஜரையும் மாற்றினேன். ஓ.சி.பி.பி. பேசும் சுவர் சார்ஜர், அதாவது வெளியிலிருந்து கட்டளை கேட்கும் பொது மொழி தெரிந்தது. ஆம்ப்ஸைக் கூட்டிக் குறைக்கலாம், ஆனால் 6 ஆம்ப்ஸுக்குக் கீழே கார் ஏற்காது. உலகத் தரமே அப்படி. 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 1.4 கிலோவாட். மிச்ச வெயில் அதற்குக் கீழே இருந்தால் சார்ஜ் இல்லை. ஐப்பசி மேகத்தில் ஒருநாள் மதியம் காண்டாக்டர் டக், டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. மேகம் வந்தால் அணைக்கும், விலகினால் போடும். பிறகு, மிச்சம் 10 நிமிடம் தொடர்ந்து 1.5 கிலோவாட்டுக்கு மேலே நின்றால்தான் போடு என்று எழுதினேன், சத்தம் அடங்கியது. ராஸ்பெரி பையிலிருந்து ஒரு நிமிடம் தகவல் வராவிட்டால் சார்ஜர் தானாக நின்றுவிடும்.

கிளவுடை நான் தூக்கி எறியவில்லை. நாளைக்கு வெயில் எப்படி என்று அங்கிருந்துதான் கேட்கிறேன். நெட் இல்லாவிட்டால் அன்றைக்கு யோசனை இல்லை, அவ்வளவுதான்.

ராணிப்பேட்டையிலிருந்து

அண்ணா, படித்ததும் மனசு என்னவோ போல ஆகிவிட்டது. அப்பா இப்போது நன்றாக இருக்கிறாரா?

எங்களுடையது வாடகை வீடு. சோலார் இல்லை, இரண்டு மின் ஸ்கூட்டர் மட்டும். ஆம்பியர் கம்பெனியின் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை 2021-ல் எங்கள் ஊருக்கு வந்ததிலிருந்து இந்தப் பக்கம் யாருக்கும் ஸ்கூட்டர் புதிதில்லை. ஆனால் 2022 மார்ச் கடைசியில் வேலூர் சின்ன அல்லாபுரத்தில் இரவு சார்ஜில் போட்ட ஸ்கூட்டர் எரிந்து, புகையில் ஒரு அப்பாவும் மகளும் இறந்தார்களே, அதிலிருந்து எங்கள் மாமியார் இரவில் வண்டிக்கு பிளக் போட விடுவதில்லை. மின் வண்டி பேட்டரியின் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 தரம் கடுமையாகி 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது, எங்கள் வண்டிகள் அதற்குப் பிறகு வாங்கியவைதான். இருந்தாலும் அவர் சொல்வது சரி என்றே எனக்கும் படுகிறது.

அதனால் ஸ்மார்ட் பிளக் வாங்கி, காலை 10 மணிக்குப் போடு, 2 மணிக்கு நிறுத்து என்று வைத்தேன். முதல் நாள் 10 மணிக்கு ஒன்றும் நடக்கவில்லை. மதியம் மூன்றரைக்கு சார்ஜ் ஆரம்பித்தது. இரவு ஏழரை வரை ஓடியது. ஏன் என்று இரண்டு நாள் குழம்பினேன். கணக்கு தொடங்கும்போது ஊரைத் தேர்வு செய்யாமல் விட்டதால் அந்த சர்வர் கிரீன்விச் நேரத்தில் ஓடியிருக்கிறது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி வித்தியாசம். ஊரை மாற்றியதும் சரியாகிவிட்டது.

இரண்டாவது விஷயம் இன்னும் பெரியது. ஒருநாள் மதியம் சார்ஜ் நடக்கும்போது கரெண்ட் போனது, ராத்திரி 2 மணிக்குத்தான் வந்தது. பிளக் என்ன செய்தது தெரியுமா? போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே எழுந்து சார்ஜ் போட ஆரம்பித்தது. நாங்கள் எல்லாரும் தூக்கத்தில். காலையில் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பும்போதுதான் பச்சை விளக்கைப் பார்த்தேன். கரெண்ட் திரும்பி வந்தால் என்ன நிலையில் எழவேண்டும் என்று அமைப்புகளில் ஒரு இடம் இருக்கிறது. அதை 'அணைந்தே இரு' என்று மாற்றுங்கள். ஸ்மார்ட் பிளக் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இதை இன்றைக்கே பாருங்கள், தயவுசெய்து.

குடியாத்தத்திலிருந்து

தம்பி, நான் 26 வருஷமாக ஒயரிங் வேலை செய்கிறேன். கம்ப்யூட்டர் பக்கம் எனக்கு அவ்வளவு தெரியாது. நீங்கள் கார் இணைப்பை வளையத்துக்கு வெளியே எடுத்தீர்கள் பாருங்கள், அதுதான் வேலை.

எர்த்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. நம்ம பக்கம் பாறை பூமி, கோடையில் மண் காய்ந்து வெடிக்கும். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றாமல் வருஷக்கணக்காக விட்டிருப்பார்கள். கார் சார்ஜர் எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கு போட்டு நின்றுவிடும், உடனே வண்டியில் கோளாறு என்று கம்பெனிக்கு ஃபோன் போடுவார்கள். போன சித்திரையில் மட்டும் இப்படி நான்கு வீட்டுக்குப் போனேன். மூன்று வீட்டில் இரண்டு குடம் தண்ணீரிலேயே விளக்கு பச்சையானது. நான்காவது வீட்டில் குழியே இல்லை, ஒயரை ஒரு தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தார்கள்.

பழைய 15 ஆம்ப்ஸ் சாக்கெட்டில் மணிக்கணக்காக 3.3 கிலோவாட் ஓட்டாதீர்கள். அது கொஞ்ச நேரம் ஓடும் கீசருக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் போட்டது. அரை மணி கழித்து சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி பின்னைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உள்ளே பிடி தளர்ந்திருக்கிறது. ஓட்டையின் ஓரம் டீக்கறை மாதிரி பழுப்பேறியிருந்தால் அன்றைக்கே மாற்றவேண்டும். காருக்கென்று தனி லைன், 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், இழுவை மீறினால் வெட்டும் தனி எம்.சி.பி., கரெண்ட் கசிந்தால் வெட்டும் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. 32 ஆம்ப்ஸ் சார்ஜர் என்றால் 6 ஸ்கொயர் எம்.எம். இதில் மிச்சம் பிடிக்கவேண்டாம்.

வாலாஜாவிலிருந்து

ஒரே ஒரு விஷயம். இன்வெர்ட்டரின் கிளவுட் கணக்கு யாருடைய இமெயிலில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் மாட்டியவர் தன்னுடைய இமெயிலிலேயே தொடங்கிவிட்டார், எங்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி. ஒன்றரை வருஷத்தில் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். பேட்டரி வரம்பை 20-லிருந்து 40 ஆக்குவதற்கு பில், சீரியல் எண், வீட்டுப் புகைப்படம் எல்லாம் அனுப்பி மூன்று வாரம் காத்திருந்தோம். மாட்டிய அன்றே உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள், பாஸ்வேர்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

காட்பாடியிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. நைனா நன்றாக இருக்கிறார் சகோதரி, நீங்கள் கேட்டதைச் சொன்னேன், சந்தோஷப்பட்டார். கரெண்ட் திரும்பும்போது எழும் நிலையை நானும் பார்த்தேன், என் பழைய வைஃபை சுவிட்சும் அப்படித்தான் இருந்தது. இப்போது தண்ணீர் மோட்டாருக்குப் போட்டிருக்கிறேன், அதையும் மாற்றிவிட்டேன்.

தனிச்செய்தியில் ஒருவர் செலவு மிச்சமாகிறதா என்று கேட்டிருந்தார். நம் மாநிலத்தில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுகளின் விலையும் மாறிவிடும். கார் வந்த பிறகு 500-ஐத் தாண்டுவது சுலபம். அதனால் ரீடிங் எடுத்த நாளிலிருந்து எத்தனை யூனிட் ஆயிற்று என்று எண்ணி, 430 ஆனதும் எனக்கு ஒரு செய்தி வரும்படி வைத்திருக்கிறேன். அதன்பிறகு முடிந்தவரை வெயிலில் மட்டும் கார். மாலை 4 மணிக்குமேல் பேட்டரியை 70 சதவீதத்துக்குக் கீழே எதற்காகவும் இறக்கக்கூடாது, கரெண்ட் போனால் மட்டும் விதிவிலக்கு.

குடியாத்தம் அண்ணே, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எர்த் குழி மூடியைத் திறந்தேன். உள்ளே சாம்பல் மாதிரி காய்ந்த மண், ஒரு எறும்புப் புற்று. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் 9 வோல்ட் காட்டியது. நான்கு குடம் ஊற்றினேன், அரை மணியில் 3-க்கு வந்தது. நாளை காலையில் மறுபடி அளந்து எழுதுகிறேன். தண்ணீர் வற்றியதும் ஏறிவிட்டால் குழியையே புதிதாகப் போடவேண்டுமா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.