தறிப் பாட்டோட நாலாவது அடி யாருக்காவது ஞாபகம் இருக்குங்களா?

தார்க்குச்சி:
சேலம் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டல்ல 19 வருசமா சப்ளையருங்க. அம்மாபேட்டை தறிக்காரர் வீட்டுப் பையன். வீட்டுல வெண்பட்டு வேட்டி நெய்வாங்க. தார் சுத்துறப்போ, அதாவது நெய்யுற நூலைச் சின்னக் குச்சியில சுத்துறப்போ, அம்மா பாடுன பாட்டு:

ஒத்தத் தறி ஓடுதுன்னா ஓலைக் குடிசை நம்மளுது
ரெட்டைத் தறி ஓடுதுன்னா ரேழி வெச்ச வீடு
மூணு தறி ஓடுதுன்னா முத்தத்துல...

இதுக்கு மேல வரல. அம்மாவைக் கேட்டா "ஞாபகமில்ல, போடா"ங்குது.

எதுக்குக் கேக்குறேன்னா, முதல்ல வேலை பார்த்த கடையில ஆர்டர் எழுத நோட்டு கிடையாது. மாத்தி வெச்சா கூலியில பிடிப்பாங்க. அதனால டேபிளைப் பாட்டுல கோத்துக்கிட்டேன். ஒத்தத் தறி ரவா ரோஸ்ட், ரெட்டைத் தறி பூரி, மூணு தறி பொங்கல் வடை. தப்பே வராது. நாலாம் டேபிள்தான் சொதப்பும். இப்போ கையில டேப்லெட் குடுத்துட்டாங்க, ஆனாலும் வாய் பாடிக்கிட்டேதான் இருக்கு.

மாங்காய் பத்தை:
பாட்டு தெரியாதுண்ணா. 19 வருசத்துல வேற என்ன கத்துக்கிட்டீங்க?

தார்க்குச்சி:
பெருசா ஒண்ணுமில்ல தம்பி. பிள்ளையோட வந்தா பிள்ளைக்கு முதல்ல ஒரு இட்லி வெச்சிடணும், அப்புறம் பெரியவங்க எவ்வளவு நேரம்னாலும் பொறுப்பாங்க. காலையில ஏற்காடு கிளம்புற குடும்பம் பூரி கேட்டா, "மேல 20 ஹேர்பின் பெண்ட் இருக்குங்க, பாப்பாவுக்கு இட்லி போதும்"னு சொல்லிடுவேன். முதலாளிக்குப் பிடிக்காது. சாயந்தரம் இறங்கி வர்றவங்க முகத்தைப் பார்த்தாலே தெரியும், யார் பூரி தின்னுட்டுப் போனாங்கன்னு. நேரா லெமன் சோடாதான்.

குகை வீட்டுக்காரி:
அண்ணா, எங்க பாட்டி பாடும்!

மூணு தறி ஓடுதுன்னா முத்தத்துல பசுமாடு
நாலு தறி ஓடுதுன்னா நானெதுக்குத் தார் சுத்தணும்

தார் சுத்துறது எங்க வீட்டுல பிள்ளைங்க தலையிலதான் விழும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ராட்டைதான். கடைசி அடியை மட்டும் நாங்க கத்திப் பாடுவோம், தாத்தா காதுல விழட்டும்னு.

தார்க்குச்சி:
ரொம்ப நன்றிம்மா. ராத்திரி அம்மாகிட்டப் படிச்சுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுட்டு, "பசுமாடு இல்லடா, எருமை. பசு வாங்க நம்மகிட்ட ஏது காசு?"ன்னுச்சு.

இன்னிக்குக் காலையில நாலாம் டேபிள், ரெண்டு பொடி தோசை, ஒரு காபி. சரியாப் போச்சு.