சாமுராய் அறத்தை நிரல் கவிதை தாங்குமா?

நிரல்நேசன்:
சாமுராய் நெறியைச் சொல்ல, இயங்கும் நிரலாகவே எழுதப்பட்ட கவிதையைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை என்பது என் கருத்து. பெர்ல் என்னும் நிரல்மொழியை உருவாக்கிய லாரி வால் 1990இல் அம்மொழியிலேயே எழுதியதாகச் சொல்லப்படும் கவிதையை அந்நாளைய பதிப்பான பெர்ல் 3 பிழை காட்டாமல் ஏற்றது. அத்தகைய கவிதையில் ஒரு குறி பிசகினாலும் முழுவதும் நிராகரிக்கப்படலாம். சொல்லும் செயலும் பிரியக்கூடாது என்னும் நெறிக்கு இதைவிடக் கறாரான யாப்பு எது? தலைவன் உள்ளவரை திரும்பத் திரும்பச் சுழலும் லூப், அவன் வீழ்ந்ததும் நிரலை முடிக்கும் எக்ஸிட். இவ்வளவே போதும்.

சுவடிக்காரர்:
போதாது, ஐயா. 1600இல் ஜப்பானின் செகிகாஹாராப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே கொபயாகவா ஹிதேயாகி என்னும் பிரபு அணி மாறி, எதிரணித் தலைவர் தொகுகவா இயெயாசுவின் வெற்றிக்கு வழிவகுத்தார். அதற்குப் பரிசாக நிலமும் பெற்றார். கட்சி மாறும் வாய்ப்பு கண்ணெதிரே இருந்ததால்தான் மாறாமல் நின்றவர்களின் விசுவாசத்துக்கு மதிப்பு வந்தது. உங்கள் லூப்புக்குத் துரோகம் செய்ய வழியே இல்லையே!

யூனிக்ஸ் பழசு:
லூப்பை விட்டுவிட்டு, ஓடும் நிரலுக்கு அனுப்பப்படும் சிக்னலைப் பாருங்கள். யூனிக்ஸ் இயங்குதளத்தில், முடித்துக்கொள்ளக் கேட்கும் ‘சிக்டெர்ம்’ வந்தால், ஒரு நிரல் திறந்திருக்கும் கோப்புகளை மூடி, கடைசி வரியை எழுதிவிட்டு, தானே வெளியேறலாம். விரும்பினால் அதைப் புறக்கணிக்கவும் செய்யலாம். உடனே கொல்லும் ‘சிக்கில்’ வந்தால் எதற்கும் அவகாசமில்லை. முன்னது, 1701இல் அசானோ நகனோரி என்னும் பிரபுவுக்கு விதிக்கப்பட்டதைப் போன்ற செப்புக்கு, அதாவது சடங்குமுறையில் தன் வயிற்றைக் கிழித்துச் சாவது. பின்னது வெறும் தலைவெட்டு. சிக்னலை எதிர்கொள்ளும் பகுதியைப் பெரும்பாலும் நிரலின் தொடக்கத்திலேயே பதிந்துவைப்போம் என்பதையும் கவனியுங்கள்.

சுவடிக்காரர்:
புறக்கணிக்கவும் முடியும் என்பதால் இது முன்னதைவிட மேலான வாதம். ஆனால் சாமுராய் நெறி பேசும் ‘ஹாகாகுரே’ நூலில் யாமாமோட்டோ சுனேதோமோ என்னும் சாமுராய் கேட்பது, நாள்தோறும் தன் சாவை மனத்தில் நிகழ்த்திப் பார்க்கும் பயிற்சியை; ஒருமுறை பதிந்துவிட்டு மறந்துபோகும் உறுதியை அவர் ஏற்றிருக்கமாட்டார். அவருடைய வாழ்க்கையோ இன்னும் சிக்கலானது. 1700இல் தலைவர் நபேஷிமா மிட்சுஷிகே இறந்தபோது உடன் சாக விரும்பினார். உடன்சாவு அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தடை செய்யப்பட்டிருந்ததால் துறவு பூண்டார். அந்தத் துறவி பேசப் பேச இன்னொருவர் எழுதிவைத்ததுதான் அந்த நூல். சாவைப் பற்றி அவ்வளவு உரத்துப் பேசியவர், சாக அனுமதி கிடைக்காதவர். இதை உங்கள் எக்ஸிட் எப்படிச் சொல்லும்?

நிரல்நேசன்:
பைத்தான் என்னும் நிரல்மொழியில் சொல்லும். அங்கே வெளியேறும் கட்டளையான ‘சிஸ் எக்ஸிட்’ என்று அழைத்தால், வழக்கமான ஓட்டத்தை முறிக்கும் ஒரு விதிவிலக்குதான் எழுகிறது. வெளிச்சுற்றில் உள்ள நிரல்பகுதி அதைப் பிடித்து, வெளியேற்றத்தை நிறுத்திவிடலாம். தலைவனின் ஆணையை அந்த வெளிச்சுற்றில் வைத்தால், உள்ளே இருப்பவன் சாக முயன்று, தடுக்கப்பட்டு, அதன்பின் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டு மட்டும் இருப்பான்.

சுவடிக்காரர்:
அழகுதான். எனினும் ‘தலைவன்’, ‘ஆணை’ என்னும் பெயர்களை நீக்கிவிட்டு வெறும் எழுத்துகளை இட்டாலும் கணினி அதே வேலையைச் செய்யுமே! அப்படியானால் நெறி இருப்பது பெயர்களில்தானே, நிரலில் இல்லையே?

நிரல்நேசன்:
பெயர்களை நீக்கினால் அவன் யார் என்பது தெரியாமல் போகும். வெளியேற முயன்றதும், தடுக்கப்பட்டதும், எழுதத் தொடங்கியதும் அதே வரிசையில் நடந்தே தீரும். நான் நிரலில் தேடுவது அந்த வரிசையைத்தான்.